அர்பத்நாட்டின் காட்டப்படாத ஐந்தொகை

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையின் முதல் கடற்கரைச் சாலையில், இன்று ராஜாஜி சாலை என வழங்கும் தெருவில், அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. கடனீந்தோர் ஏறத்தாழ 7000 பேர். ஓய்வூதியம் பெற்ற அலுவலர்கள், கைம்பெண்கள், வழக்கறிஞர்கள், நிலக்கிழார்கள், சிறு வணிகர்கள் எனச் சென்னை மாகாணத்து நடுத்தர வாழ்வின் எல்லாப் படிகளிலும் இருந்தோர் அவர்கள். மகள் திருமணத்துக்கென்றும் முதுமைக்கென்றும் சேர்த்து வைத்த தொகைகள் ஒரே காலையில் எட்டாதனவாயின.

சென்னை வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்நிகழ்ச்சியைத் தவறவிடுவதில்லை. ஆயினும் அது சொல்லப்படும் முறை நம்மை நெடுநாளாக உறுத்தி வருகிறது. வெள்ளையர் வங்கி கவிழ்ந்தது. வெகுண்டெழுந்த இந்தியர் தமக்கென ஒரு வங்கி கண்டனர். அதுவே இந்தியன் வங்கி. இவ்வளவில் கதை முடிந்துவிடுகிறது. பொய் ஏதும் இதில் இல்லை. ஆனால் பாதிக் கதை இது. யாருடைய வங்கி என்ற கேள்விக்கு 1907இல் விடை கிடைத்தது. வங்கியின் கணக்கை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. அர்பத்நாட்டின் வரலாற்றை இந்த இரண்டாம் கேள்வியிலிருந்து மறுபடி எழுதவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

*

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிஸ் லாட்டூர் என்பவரின் பெயரால் தொடங்கி, அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் அர்பத்நாட் என்ற பெயரைப் பெற்ற வணிக நிறுவனம் இது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்வது அக்காலச் சென்னையின் வழக்கம். ஏற்றுமதி, இறக்குமதி, முகமைத் தொழில் ஆகியவற்றோடு பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை பெறும் வேலையையும் அது செய்தது. எனவே மக்கள் பேச்சில் அது வங்கியாகவே விளங்கியது.

சட்டத்தின் கண்ணில் அது கூட்டு வணிகம். பங்குதாரர் சிலர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையே அதன் அடிப்படை. ஆண்டுதோறும் வரவு செலவைத் தணிக்கை செய்து ஊரறிய வெளியிடவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பணம் போட்டவருக்குக் கையில் ஒரு ரசீது உண்டு, கணக்கைக் காணும் உரிமை கிடையாது. அவர் கண்ட பிணை மூன்று: கடற்கரைச் சாலையின் கட்டடம், நூறாண்டுப் பெயர், அப்பெயருக்குப் பின்னிருந்த மனிதர். அந்த மனிதர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். சட்டமன்றக் குழுவிலும் வர்த்தக சபையிலும் அமர்ந்தவர், ஆளுநர் மாளிகையின் அழைப்புக்கு உரியவர்.

இலண்டனில் இதன் தொடர்பு நிறுவனத்தை நடத்தியவர் பாட்ரிக் மக்ஃபேடியன். அங்கே நடந்த ஊக வணிகத்தில் ஏற்பட்ட நட்டம் ஆண்டுக்காண்டு பெருகியது. சென்னையில் புதிதாக வந்து விழுந்த வைப்புத்தொகைகளே பழைய ஓட்டைகளை மூடப் பயன்பட்டன. நிறுவனம் நொடித்தது 1906இல் என்று நாம் சொன்னாலும், உள்ளே அது நெடுநாளைக்கு முன்பே நொடித்துவிட்டிருந்தது. அக்டோபர் 20ஆம் நாள் மக்ஃபேடியன் இலண்டனில் இரயிலின் முன் விழுந்து உயிர்நீத்தார். அடுத்து வந்த திங்கட்கிழமை சென்னைக் கதவு மூடியது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதித்தது. 'சர்' பட்டம் பெற்ற ஒரு வெள்ளையர் சென்னையில் சிறைக்குச் சென்றது அன்றைய மக்களுக்கு எத்தகைய வியப்பாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் சிறைத்தண்டனை எந்தக் கைம்பெண்ணின் ரசீதையும் பணமாக்கிவிடவில்லை.

*

அதே தெருவில், கூப்பிடு தூரத்தில், மற்றொரு வங்கி இருந்தது. அதுவும் இன்று இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நாம் சொல்லவருவது விளங்கும்.

பாங்க் ஆஃப் மெட்ராஸ் 1843இல் தோன்றியது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகளுள் ஒன்று அது. 1876ஆம் ஆண்டு மாகாண வங்கிகள் சட்டம் அதன் கைகளைப் பலவாறு கட்டிப்போட்டது. எதன் பேரில் கடன் கொடுக்கலாம், எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கலாம் என்பவற்றுக்கு வரையறை உண்டு. வெளிநாட்டுச் செலாவணி வணிகத்துக்குத் தடை உண்டு. கணக்கு வெளியே வந்தாகவேண்டும் என்ற விதியும் உண்டு. இவ்வங்கியை நாம் போற்றத் தேவையில்லை. அரசாங்கத்துக்கும் ஐரோப்பிய வணிகருக்குமே பெரும்பாலும் பயன்பட்ட நிறுவனம் அது. உள்நாட்டு வேளாளனோ சிறு வணிகனோ அதன் படியேறுவது அரிது. ஆனால் 1906இன் புயலை அது தாங்கியது. 1921 சனவரி 27 அன்று ஏனைய இரு மாகாண வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியாயிற்று. 1955 சூலை 1 முதல் அது பாரத ஸ்டேட் வங்கி. 1921இல் பாங்க் ஆஃப் மெட்ராஸ் என்ற பெயர் மறைந்தபோது, பணம் போட்டிருந்தவர் எவரும் தெருவுக்கு வரவில்லை.

இரண்டுமே வெள்ளையர் நடத்தியவை. இரண்டுமே ஒரு தெருவில் நின்றவை. ஒன்று ஏழாயிரம் பேரைக் கவிழ்த்தது, மற்றொன்று அமைதியாகப் பெயர் மாறியது. நிறத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க முடியாது. ஒன்றின் கணக்கு வெளிச்சத்தில் இருந்தது, மற்றொன்றின் கணக்கு இருளில் இருந்தது என்பதைக் கொண்டே விளக்க முடியும்.

*

இனி, சுதேசி வங்கியின் கதைக்கு வருவோம். கடனீந்தோர் சார்பில் வழக்காடியவர்களுள் முதன்மையானவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். இந்தியர்க்கென ஒரு வங்கி வேண்டும் என்ற அவர் முயற்சிக்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் சிலர் பொருள் தந்து துணைநின்றனர். 1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவு பெற்று, ஆகஸ்டு 15 அன்று பணியைத் தொடங்கியது. அர்பத்நாட் கம்பெனியின் கட்டடத்தையே பின்னாளில் இவ்வங்கி வாங்கியது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. இலக்கிய வாசகர்க்கு இவரை வேறொரு வகையிலும் தெரியும். மிதவாதியான இவரே 1907இல் தீவிரவாதியான பாரதியின் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு வழங்கச் செய்தவர்.

அந்த அக்டோபருக்கு மற்றொரு முகமும் உண்டு. அர்பத்நாட் கதவை மூடுவதற்கு ஆறு நாள் முன்னர், அக்டோபர் 16ஆம் நாள், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பத்து இலட்ச ரூபாய் மூலதனத்துக்குப் பதிவாயிற்று. பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25 என நாற்பதாயிரம் பங்குகள். தமிழர் தம் பணத்தை யார் கையில் கொடுப்பது என்று வட கோடியிலும் தென் கோடியிலும் ஒரே வாரத்தில் கேட்டுக்கொண்டிருந்தனர். அக்கேள்விக்குத் தேசபக்தி ஒரு விடையைத் தந்தது. அவ்விடைக்கு அன்று வீரம் தேவைப்பட்டது என்பதையும், அதற்காகச் சிலர் செக்கிழுக்க நேர்ந்தது என்பதையும் நாம் மறக்கவில்லை.

ஆயினும் அவ்விடை போதுமானதாக இருந்ததா? 1913இல் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கி வீழ்ந்தது. அதே ஆண்டு பம்பாயின் இந்தியன் ஸ்பீசி வங்கியும் வீழ்ந்தது. சுதேசி எழுச்சியில் முளைத்த வங்கிகள் பல அடுத்த சில ஆண்டுகளில் வரிசையாகச் சாய்ந்தன. 1937இல் இணைப்பின் வழி உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மறு ஆண்டே மூடப்பட்டது. அதில் சமஸ்தான அரசியலுக்கும் பங்குண்டு. ரிசர்வ் வங்கி 1935 முதல் இயங்கிவந்தும் அதைக் காக்க முன்வரவில்லை. நாடு விடுதலை பெற்ற பின் 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி மூடியது. இவற்றுள் ஒன்றேனும் வெள்ளையர் வங்கி அன்று. நம்மவர் நடத்தியவை, நம்மவர் பணம் போட்டவை, நம்மவர் இழந்தவை.

ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் சட்டம் ஓரடி நகர்ந்தது. 1936இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தியபோது வங்கிகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. 1949இல் வங்கிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பாலை வங்கி மூடிய பின்னர், 1962 சனவரி முதல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அப்போது காப்புத்தொகை 1500 ரூபாய், 2020 முதல் ஐந்து இலட்சம். நாம் இன்று வங்கிக் கிளையில் அச்சமின்றிப் பணம் கட்டுகிறோம் என்றால், 1906 முதல் 1960 வரை இழந்தவர்கள் அதற்கான விலையை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

"அர்பத்நாட் கவிழ்ந்ததால்தானே இந்தியன் வங்கி பிறந்தது? தீமையிலும் நன்மை விளைந்ததே?" என்று கேட்போர் உண்டு. நன்மை விளைந்தது உண்மை. ஆனால் இழந்தவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர். 1906இல் வாழ்நாள் சேமிப்பைத் தொலைத்த முதியவரிடம் போய், உமது இழப்பால் நூறாண்டு நிற்கப்போகும் ஒரு வங்கி வந்தது என்று ஆறுதல் சொல்ல எவருக்கும் நா எழாது. அவரை நீக்கிவிட்டு எழுதும்போதுதான் இக்கதை வெற்றிக்கதையாகிறது.

*

தமிழில் 'ஐந்தொகை' என்றொரு சொல் உண்டு. நகரத்தார் கணக்கு மரபில் வழங்கிவரும் சொல் அது. ஒரு கடையின் பற்றும் வரவும் கொள்வனவும் கொடுப்பனவும் இலாப நட்டமும் ஒருங்கே தெரியுமாறு எழுதப்படும் கணக்கு. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த முதலாளிகள் ஊரிலிருந்தபடியே கடலுக்கப்பால் உள்ள கடையின் நிலையை அறிய இதையே நம்பினர். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலைப் படித்தோர்க்கு அந்தக் கடைகளின் வாழ்வு அறிமுகம். அடுத்தாள், பெட்டியடிப் பையன், பேரேடு, வட்டிச்சிட்டை என அவ்வுலகுக்கு ஒரு தனி அகராதியே உண்டு. தொலைவில் இருப்பவனும் கணக்கைக் காணவேண்டும் என்ற எண்ணம் நம் வணிக மரபுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். ஆனால் அங்கும் ஐந்தொகையைப் பார்த்தவர் முதலாளி. கடையில் கடன்பட்ட பர்மிய உழவனுக்கு அது காட்டப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்பவேண்டும், நம்பிய பின் ஐயுறலாகாது என்பது அதன் சாரம். அரசன் அமைச்சரைத் தேர்வதற்குச் சொன்னது என்று உரையாசிரியர்கள் கொண்டாலும், பணத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கும் எவர்க்கும் அது பொருந்தும். ஆராய்வதற்கு ஒன்றும் தரப்படாத இடத்தில் தெளிதல் எங்ஙனம் கூடும்? அர்பத்நாட்டில் பணம் போட்டவர்கள் மூடர்கள் அல்லர். அவர்களுள் சட்டம் படித்தோரும் கணக்கு எழுதிப் பிழைத்தோரும் இருந்தனர். தெரிந்துகொள்ள வழியில்லாத நிலையில் தெளிந்தார்கள். அந்த வழியை அடைத்து வைத்ததுதான் குற்றம்.

*

பழவேற்காட்டு ஏரிக்கரையில், காட்டூரில் இருந்துகொண்டு கடற்கரைச் சாலையின் பழங்கதையை நாம் ஏன் பேசவேண்டும் என்று கேட்கலாம். இப்பகுதிக்கும் அப்பட்டணத்துக்கும் பக்கிங்காம் கால்வாய் நெடுநாள் வழியாக இருந்தது. விறகும் கிளிஞ்சலும் படகேறிச் சென்னைக்குப் போயின. சரக்கு போன வழியே பணமும் கடனும் திரும்பி வந்தன. ஏரியை நம்பி வாழ்வோர்க்குக் கடன் என்பது வாழ்வின் அன்றாடப் பகுதி. வலைக்கும் படகுக்கும் வியாபாரி முன்பணம் தருவார். பிடிக்கும் இறாலையும் நண்டையும் அவரிடமே போடவேண்டும். விலையை அவரே சொல்வார். கணக்கு அவருடைய நோட்டில் இருக்கும். எவ்வளவு அடைந்தது, எவ்வளவு நின்றது என்பதை அந்த நோட்டு மட்டுமே அறியும். மீன் கூடை சுமந்து விற்கும் பெண்கள் நாள்தோறும் கட்டும் தீபாவளிச் சீட்டுக்கும் இதே நிலைதான். ஒரு சிறு அட்டையில் கையெழுத்து உண்டு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இதே ஏரியில் இதற்கு நேர்மாறான மரபு ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'பாடு'. இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளில் யார், எந்த முறையில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் ஏற்பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகப் போய்விடாதவாறு முறை சுழன்று வரும். சீட்டு எடுப்பது எல்லோர் கண்முன்னும் நடக்கும். இம்முறையைப் பொன்னுலகம் என்று நாம் காட்ட விரும்பவில்லை. பாட்டுரிமை சில ஊர்களுக்கும் சில குடும்பங்களுக்குமே உரியது. ஏரியில் பிழைக்கும் ஏனையோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். அதன்பொருட்டுப் பூசல்களும் நடந்துள்ளன. பெண்களுக்கு அக்கூட்டத்தில் இடமில்லை. ஆனால் உள்ளே இருப்பவர்க்குள் ஒன்று உறுதி: பங்கு எப்படிப் பிரிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எழுத்தறியாதவரும் சரிபார்க்கக்கூடிய ஐந்தொகை அது. சர் பட்டம் பெற்றவரின் நிறுவனம் ஏழாயிரம் பேருக்குத் தராததை, ஏரிக்கரை ஊர்க்கூட்டம் தன் பங்காளிகளுக்குத் தந்திருக்கிறது.

ஆகவே இது பழங்கதையன்று. 1990களின் இறுதியில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடியதையும், 1997இல் வைப்பீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டிவந்ததையும் நம் தலைமுறை அறியும். 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்டு, முதிர்ந்த வைப்புத்தொகைகளைத் திருப்பித் தர இயலாமல் 2024இல் காவல்துறை வழக்கில் சிக்கியது. அங்கும் பழம்பெயர், அங்கும் ஓய்வூதியர்கள், அங்கும் மூடிய கதவின் முன் கையில் ரசீதோடு நின்ற முதியவர்கள். வங்கிகளுக்குள்ள வைப்புத்தொகைக் காப்பீடு இத்தகைய நிதிகளுக்கு இல்லை. நூற்றுப்பதினெட்டு ஆண்டுகள் கழிந்தும் அந்த அக்டோபர்த் திங்கட்கிழமை நம் தெருக்களில் மீண்டும் மீண்டும் விடிகிறது.

*

இலக்கியம் பயில்வோர் இதில் செய்யவேண்டியது என்ன? நம் புனைகதையில் வட்டிக்கடை உண்டு, அடகுக்கடை உண்டு, நிலத்தை விழுங்கும் கடன்பத்திரம் உண்டு. கடன் வாங்கிக் கெட்டவனின் கதையை நாம் நன்கு எழுதியிருக்கிறோம். பணத்தை நம்பிக் கொடுத்துக் கெட்டவனின் கதை அரிது. கடன்பட்டவனிடம் இரக்கம் கொள்வது எளிது. சேமித்தவன் கையில் காசிருந்தவன் ஆயிற்றே என்ற எண்ணம் அவன்பால் இரக்கத்தைத் தடுத்துவிடுகிறது போலும். ஆனால் மாதந்தோறும் மிச்சம் பிடித்துச் சேர்த்த தொகைக்குப் பின்னால் உண்ணாத உணவும் உடுத்தாத உடையும் இருக்கின்றன. அவை கணக்கில் ஏறுவதில்லை. புனைவில்தான் ஏறக்கூடும்.

ஆய்வு மாணவர்க்கும் இங்கு வேலை உண்டு. அர்பத்நாட் திவால் வழக்கு சென்னை நீதிமன்றத்தில் நடந்தது. நீதிமன்றம் வரை சென்ற துயரம் எதுவும் தாளில் தடம் பதிக்காமல் போவதில்லை. சுதேசமித்திரன் 1899 முதலே நாளிதழ். அதன் 1906, 1907ஆம் ஆண்டு இதழ்களில் தேடத் தொடங்கலாம். பங்குதாரர் பெயர்களை எல்லோரும் அறிவர். கடனீந்தோர் யார், எந்த ஊரார், என்ன தொழிலினர், எவ்வளவு போட்டார்கள், அதன்பின் என்ன ஆனார்கள் என்று ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்டால், தமிழ்ச் சமூக வரலாற்றின் முக்கியமான ஓர் இயல் எழுதப்பட்டதாகும். பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் அந்த ரசீதுகள் இன்னும் கிடக்கக்கூடும். காசாகாத தாள் என்று எறிந்துவிடாமல் ஆவணக் காப்பகத்தின் கையில் கொடுப்பது நலம்.

மறைந்த ஒரு வங்கியின் வரலாறு என்றால் நாம் அதன் நிறுவனர்களையும் கட்டடத்தையும் தேடிப் போகிறோம். அவ்வகையில் எழுதினால், உயிரோடிருந்தபோது அந்த வங்கி தன் வாடிக்கையாளர்க்குக் காட்டிய அதே முகப்பையே நாமும் வாசகர்க்குக் காட்டுகிறோம். உள்ளே எழுதப்படாதிருந்த அல்லது மறைத்து வைக்கப்பட்ட ஐந்தொகையை, ஏழாயிரம் பெயர்களின் பக்கமிருந்து, காலந்தாழ்ந்தேனும் எழுதி முடிப்பது அவ்விழப்பின் பயனைத் துய்க்கும் நம் தலைமுறையின் கடன்.